நல்லாத்தானே இருக்கீங்க

8.5.2025, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். கீழ் வீட்டுப் பையன் 541. தட்டில் மைசூர்பாக்கோடு மேலே வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெயர் வாயில் வரவில்லை. "நல்லா இருடா கண்ணா" என்று சமாளித்தேன். எட்டாம் வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தான், யாரோடு சண்டை போட்டான், எல்லாம் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. அவன் படி இறங்கிப் போன பிறகு வந்தது. யாரிடம் சொல்ல?

டிவியில் போர். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அணைக்கச் சொன்னேன். அத்தை சத்தத்தைக் குறைத்தார்கள். குறைத்தால் போதாது, அணைக்க வேண்டும். கத்திவிட்டேன். அத்தை பூஜை அறைக்குள் போய்விட்டார்கள். அதற்குள் விமானப்படை ஹெலிகாப்டர், மொட்டை மாடியை உரசுகிற மாதிரி.

மதியம் தூங்கினேன். எழுந்தபோது காலையா மாலையா தெரியவில்லை.

மாத்திரை போட்டாச்சு. டிக்.

9.5.2025, வெள்ளி

பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகும்வரை அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். சின்னவன் ஓடிவந்து சிலிண்டரை மூடினான். "அம்மா, பக்கத்துலதானே நிக்கிறே!" ஆமாம், நின்றேன். கண் ஜன்னலில் இருந்தது. ஜன்னலில் என்ன பார்த்தேன் என்றும் தெரியவில்லை.

வீடெல்லாம் தீய்ந்த வாடையாம். ராத்திரி வரை ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

போன மாதம் நேர்மாறு. ரப்பர் எரியும் நாற்றம், எனக்கு மட்டும். இவர் ஒவ்வொரு பிளக்காக மோந்து பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். எங்கும் எதுவும் எரியவில்லை.

சின்னவன் அடுப்புக்கு மேலே காகிதம் ஒட்டிவிட்டான். 'கேஸ் மூடியாச்சா?' பெரிய எழுத்து. பிள்ளை எழுத்து நன்றாக இருக்கிறது.

டிக்.

10.5.2025, சனி

வந்துவிட்டது!

தலைவலிக்கு அமிர்தாஞ்சன் தேய்த்தேன். மூக்கில் சுர்ரென்று ஏறியது. நிஜமாகவே ஏறியது. எல்லோரையும் கூப்பிட்டேன். இவர் சோப்பு நுரைக் கையோடு வந்து நின்றார். பெரியவள் பெங்களூரிலிருந்து வீடியோவில் அழுதாள். அத்தை உடனே பெருங்களத்தூர் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்கள்.

காபித்தூள் டப்பாவைத் திறந்தேன். இல்லை. ஊதுபத்தி. இல்லை. பெருங்காயம். இல்லை. பரவாயில்லை. ஒன்று வந்தால் மற்றதும் பின்னாலேயே வரும்.

இன்று நல்ல நாள். எழுத்துகூட நேராக வருகிறது.

11.5.2025, ஞாயிறு

மே 11. 1931-ல் இதே தேதியில்தான் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. மீட்டர் கேஜ். கேட்காமலே வருகிறது. இவர் உற்சாகமாகிவிட்டார். கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது? 1937. சானடோரியம்? 1928, டாக்டர் சௌரி முத்து. எல்லாம் சரி. "சரி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?"

யோசித்தேன். தட்டு ஞாபகம் வருகிறது. தட்டில் ஒன்றுமில்லை.

விளையாட்டாகக் கேட்டார். தப்பு அவர்மேல் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பேசப் பிடிக்கவில்லை.

சண்முகம் சாலையிலிருந்து பங்கனப்பள்ளி. காம்புப் பக்கம் மோந்து பார்த்து வாங்குவது எப்போதும் என் வேலை. இன்று இவரே மோந்து பார்த்து, நறுக்கி, கொட்டையையும் எனக்கே வைத்தார். நாக்கில் தித்திப்பு. பல்லில் நார். குளுமை. மாம்பழம் மட்டும் இல்லை. வெறும் தித்திப்பு மாம்பழம் ஆகாது. "நல்லா இருக்கு" என்று சொல்லிக் கொட்டையைச் சப்பி முடித்தேன்.

ராத்திரி அமிர்தாஞ்சனை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். வருகிறது. இருக்கிறது.

12.5.2025, திங்கள்

ஜி.எச்.சில் ரிவ்யூ. ஏசி மின்சார வண்டியில் போகலாம் என்றார் இவர். போன மாதம் 19-ம் தேதிதான் விட்டார்களாம். கதவு தானாக மூடியது. சட்டென்று அமைதி. பல்லாவரம் மலை சத்தமே இல்லாமல் ஓடுகிறது. காசு அதிகம். ஆனால் பார்க் வரைக்கும் தலை தலையாகவே இருந்தது. எனக்கு இது சொகுசு இல்லை, மருந்து.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையானவள். அமிர்தாஞ்சன் விஷயத்தை முதலில் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அது வாசனை இல்லைம்மா, எரிச்சல். ரெண்டுக்கும் வேற வேற நரம்பு. வெங்காயம் நறுக்கினா கண்ணு எரியுது பாருங்க, அந்த ஐந்தாம் நரம்புதான் இது. அது உங்களுக்கு நல்லாவே இருக்கு. வாசனை முதல் நரம்பு. மூக்குக்கு மேல எலும்புல சல்லடை மாதிரி ஓட்டைகள். அது வழியா மெல்லிசு மெல்லிசா மேல போகும். தலை அடிபட்டு மூளை ஆடினப்போ அது அறுந்திருக்கு."

வருமா? "ஒரு வருஷம் தாண்டிடுச்சு. வரலாம். எதிர்பார்த்துக்கிட்டு உட்காராதீங்க."

இவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபைலை என் மடியில் வைத்திருந்தார்கள், புரட்டினேன். சேர்க்கும்போது ஜி.சி.எஸ். 6. கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் 1974-ல் போட்ட கணக்கு. கண் திறக்கிறதா, பேச்சு இருக்கிறதா, கைகால் அசைகிறதா. முழுசுக்கு 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையான காயம். 6 என்று யாரோ நீல மையில் எழுதியிருக்கிறார்கள். அந்த நாள் எனக்கு இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் வரை ஸ்கூட்டரில் போனது, கோயில், எதுவும் இல்லை. என் கதை தொடங்குவதே வார்டு மின்விசிறியிலிருந்துதான். அதற்கு முந்தின நாட்களை மற்றவர்கள் சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி இந்த ஆஸ்பத்திரியில்தான் மூளை, நரம்பு அறுவைக்குத் தொடக்கம் போட்டார். தாழ்வாரத்தில் நடக்கும்போது அதுவும் தானாக வந்தது. அதற்கு முன்னால் இப்படி அடிபட்டவர்களை என்ன செய்திருப்பார்கள்?

திரும்பும்போது சாதா வண்டி. கிண்டியில் கூட்டம் ஏறியது. யாரோ செல்லில் சத்தமாகப் பாட்டு. காதைப் பொத்திக்கொண்டேன். எதிர் சீட்டு அம்மா: "உடம்புக்கு என்னம்மா? பாத்தா நல்லாத்தானே இருக்கே."

14.5.2025, புதன்

நேற்று எழுதவில்லை. படுக்கை. ஜன்னலில் போர்வை கட்டி இருட்டு. ஒரு நாள் வெளியே போனால் இரண்டு நாள் இதுதான்.

இன்றும்.

மாத்திரை போட்டேனா? டிக் இருக்கிறது. என் டிக்தான்.

16.5.2025, வெள்ளி

பத்தாவது ரிசல்ட். என் பிள்ளைகள். எட்டாவதிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர்கள். வேறு டீச்சர் கரையேற்றிவிட்டார். நன்றாகச் செய்திருக்கிறார். சமூக அறிவியலில் இரண்டு பேர் நூற்றுக்கு நூறு. சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். வயிற்றில் என்னவோ செய்தது, அதுவும் நிஜம்.

குழந்தைகள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மாலை ஹெச்.எம். போன். "குரல் எல்லாம் பழையபடி கணீர்னு இருக்கே டீச்சர்! நல்லாத்தானே இருக்கீங்க. ஜூன் 2 ஸ்கூல் திறக்குது. வந்துடறீங்களா? இல்லேன்னா..." அந்த இல்லேன்னாவுக்குப் பிறகு நிறையப் பேசினார். நிர்வாகம். காலியிடம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் நல்லது. 22 வருஷம் வேலை பார்த்த இடம்.

வருகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்?

18.5.2025, ஞாயிறு

குரோம்பேட்டையில் கல்யாணம். இவர் பெரியப்பா பேத்தி. போகாவிட்டால் பேச்சாகும் என்று அத்தை. போனேன். அரக்குப் பட்டு. முடியை இடப்பக்கம் தள்ளிச் சீவினால் குழி தெரியாது. பூ வைத்துவிட்டார்கள். மதுரை மல்லி. பூவின் கனம் தெரிகிறது, ஈரம் தெரிகிறது, பின்கழுத்தில் குளுமை தெரிகிறது.

நாதஸ்வரம் எனக்கு உயிர். தவில்தான் ஆகவில்லை. மண்டையில் எலும்பை ஒட்டிய இடத்தில் வந்து அடிக்கிறது. கெட்டிமேளத்தின்போது கண்ணை மூடிக்கொண்டேன். அட்சதை கையிலேயே இருந்தது.

வரிசையாக வந்தார்கள். "அட, நல்லாத்தானே இருக்கே! என்னென்னமோ சொன்னாங்க, பயந்தே போயிட்டோம்." "முன்னைவிடக் கலரா இருக்கீங்க." "நல்லாத்தான் இருக்கா, பயம்தான், மனசுல தைரியம் வேணும்." ஒவ்வொருவருக்கும் சிரித்தேன். சிரிப்பதற்கும் சக்தி வேண்டும் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்டுப்போட்டுக்கொண்டு வந்திருந்தால் நாற்காலி கொடுத்திருப்பார்கள். காயம் ஆறி, தையல் பிரித்து, முடி வளர்ந்துவிட்டது. ஆறாதது உள்ளே இருக்கிறது. அதற்கு யாரும் நாற்காலி போடுவதில்லை.

சாம்பாரா வத்தக்குழம்பா தெரியாமலே சாப்பிட்டேன். பாயசத்துக்கு முன்னால் எழுந்துவிட்டேன். ஆட்டோவில் அழுகை. "ஏன்?" என்றார் இவர். தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

19.5.2025, திங்கள்

டம்ளரை எறிந்தேன். எவர்சில்வர். சின்னவன் காதுக்குப் பக்கத்துச் சுவரில் பட்டது. அவன் கேட்டது இவ்வளவுதான்: "சாவி எங்கே வெச்சேம்மா?" குக்கர் விசில், மிக்சி, இந்தக் கேள்வி, மூன்றும் ஒன்றாக வந்தன.

நெற்றிப் பக்கத்து மூளைதான் கோபத்துக்குக் கடிவாளமாம், அங்கேதான் அடியாம். மாத்திரையும் எரிச்சல் கொடுக்குமாம், நிறுத்தினால் வலிப்பு வருமாம். எது நான், எது மாத்திரை, எது அடி? யாராவது பிரித்துக் காட்டினால் தேவலை.

சுவரில் பிறை மாதிரி தழும்பு. சின்னவன் அதன்மேல் கிரிக்கெட் படம் ஒட்டிவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினாறு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை ஏன்? அதுதான் தாங்கவில்லை.

21.5.2025, புதன்

பேச்சுப் பயிற்சி. ஒரு நிமிடத்தில் காய்கறிப் பெயர்கள். கத்தரி, வெண்டை, முருங்கை, கத்தரி. பிறகு வெறும் வெளி. மேடம் மணியைப் பார்க்கவில்லை என்ற மாதிரி நடித்தார்.

இந்த நோட்டு அவர் சொல்லித்தான். எழுதினால் நாட்கள் ஒட்டிக்கொள்ளுமாம். முந்தின பக்கங்களைப் படிக்கும்போது யாரோ பெண்ணின் நாட்களாக இருக்கின்றன. கையெழுத்து என்னுடையது.

இன்று ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். ஃபினியஸ் கேஜ். 1848, அமெரிக்கா, ரயில் பாதை வேலை. வெடி வைக்கும்போது இரும்புக் கடப்பாரை கன்னம் வழியாகப் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பிழைத்தார். குணம் மாறிவிட்டது, ஆள் வேறு ஆளாகிவிட்டார் என்று டாக்டர்கள் எழுதினார்கள். இது எனக்கே தெரியும், எங்கோ படித்தது. தெரியாதது அடுத்தது. அதே மனிதர் பிறகு சிலி நாட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார். நெடுந்தூரப் பயணிகள் வண்டி. குதிரைகள், அதே பாதை, அதே நேரம். ஒழுங்கான வேலை அவரை நிமிர்த்தியிருக்கும் என்று இப்போது சொல்கிறார்களாம்.

கடப்பாரையை எல்லாப் புத்தகத்திலும் போடுகிறார்கள். வண்டியை ஏன் போடவில்லை?

வீட்டுக்கு வரும்வரை அந்தக் குதிரைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பாதை. ஒரே நேரம். கேம்ப் ரோடு சிக்னலில் ஹாரன் அடித்தார்கள், அவ்வளவாக உறைக்கவில்லை.

23.5.2025, வெள்ளி

மெடிக்கல் போர்டு. வெளியே பெஞ்சில் வெயில். உள்ளே ஐந்து நிமிடம்.

"நடந்து காட்டுங்க. கையைத் தூக்குங்க. பேர்? ஊர்? பிரதமர் யாரு?" எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "நல்லாத்தானேம்மா இருக்கீங்க. டீச்சர் வேற. எந்த வகையில போடறது?"

2016 சட்டத்தில் 21 வகை. பார்கின்சன் இருக்கிறது. மூளை முடக்குவாதம் இருக்கிறது. தலைக்காயம் என்று தனியாக ஒரு வரி இல்லை. கை முடங்கியிருந்தால் கை இயக்கத்தில் போடுவார்கள். பேச்சு போயிருந்தால் பேச்சில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆளே அணைந்து போகிறது என்பதை எதில் போடுவார்கள்? பால் கருகுவதை? டம்ளரை? இவர் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அந்நியர் முன்னால் டம்ளர் விஷயம் வேண்டாம்.

மனத்திறன் சோதனை ரிப்போர்ட் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குத் தனியாகத் தேதி. சதவீதம் 40 வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள்.

படி இறங்கும்போது கால் தடுமாறியது. உள்ளே இருந்தபோது தடுமாறியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. எவ்வளவு கேவலமான நினைப்பு. யார் இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்றும் கோபம் வந்தது.

25.5.2025, ஞாயிறு

நேற்று முழுக்கப் படுக்கை.

தம்பி வந்தான், மதுராந்தகத்திலிருந்து. நுங்கும் ஃபைலும். விபத்து வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் போய்விட்டு வந்திருக்கிறான். அவர் ஒரு தீர்ப்பைக் காட்டினாராம். அரியானாவில் 2007-ல் டிராக்டரில் போகும்போது விபத்தில் அடிபட்ட 12 வயதுப் பெண். மூளைக் காயம். 2020-ல் சுப்ரீம் கோர்ட் 62 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆட்களின் கூலியையும் ஆயுசுக்கும் கணக்குப் போட்டது. என் வழக்கு வேறு, என்னால் நடக்க முடிகிறது. ஆனால் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று ஒரு கோர்ட் சொல்லியிருக்கிறதே. இதை அத்தைக்கும் இவருக்கும் படித்துக் காட்டச் சொன்னேன்.

பேச்சு பணத்துக்குப் போனது. முதல் இரண்டு நாள் செலவு அரசாங்கத்துடையது. 'நம்மைக் காக்கும் 48'. 2021 டிசம்பர் 18, மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் இலவசம். அது இல்லாவிட்டால் நான் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன், நன்றி. மூன்றாம் நாளிலிருந்து என் வளையல். பிறகு அத்தை சங்கிலி. அடகுச் சீட்டை இவர் இன்னும் என் கண்ணில் காட்டவில்லை.

உயிரைப் பிடித்து வைக்க 48 மணி நேரத்துக்குத் திட்டம் இருக்கிறது. பிழைத்த பிறகு 30, 40 வருஷம் இந்தத் தலையோடு வாழ என்ன இருக்கிறது? தம்பியிடம் கேட்டேன். அவன் நுங்கு தோலைச் சீவிக்கொண்டே இருந்தான்.

பிறகு ஹெச்.எம். சொன்ன கடித விஷயம். அவன் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே." அதே 2016 சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் வரும் என்கிறார் வக்கீல்.

அத்தை: "எதுக்கு இந்த வம்பு? வீட்ல நிம்மதியா இருக்கட்டும்." இவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு: "உனக்கு என்ன வேணும்?" அடிபட்ட பிறகு இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பதில் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

28.5.2025, புதன்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். வயிற்றில் வலப்பக்கம் ஒரு தழும்பு. மூளை வீங்கியதால் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, கெடாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் என் நெற்றி என் வயிற்றில் இருந்தது. பிறகு எடுத்து மேலே பொருத்தினார்கள். தொட்டுப் பார்த்தேன். மேலேயும், கீழேயும். முதல் தடவையாகப் பயம் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் இரண்டு ஹெல்மெட். பழையது இவருடையது. புதியது எனக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த வாரம் வாங்கினாராம். ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. இவர் அந்தப் பக்கம் பார்க்காமலே சட்டையை எடுக்கிறார். பின்னால் உட்காருகிறவர்களுக்கும் தலை இருக்கிறது. தாம்பரம் முழுக்க எத்தனை பெண்கள் சைடு வாக்கில், மடியில் குழந்தையோடு, வெறும் தலையோடு போகிறார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் கத்தத் தோன்றுகிறது.

சாயங்காலம் பழைய பாடப்புத்தகம். ஒரு பக்கம் படித்து மூடிவிட்டு என்ன இருந்தது என்று எழுதினேன். பாதி வந்தது. பாதி!

30.5.2025, வெள்ளி

பெரியவள் வந்திருக்கிறாள். வந்ததும் மாடி அறையில் என்னோடு மட்டும் உட்கார்ந்தாள். வேறு யாரையும் விடவில்லை. மெதுவாகக் கேட்டாள், காத்திருந்தாள். அவள் காத்திருந்தபோது எல்லாம் வந்தது. காலை 9-லிருந்து 11 வரை தலை நன்றாக இருக்கிறது, இந்த நோட்டே சாட்சி. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்னால் முடியாது. இனி எப்போதும் முடியாமல் போகலாம். அதைச் சொன்னபோது அழுகை வரவில்லை. புத்தகங்கள் முடியும். நூலகத்தில் பாதி இன்னும் அட்டவணை போடாமல் கிடக்கிறது.

கடிதம் எழுதினோம். அவள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், என் கையாலேயே எழுதினேன். இரண்டு இடத்தில் அடித்தல் இருக்கிறது, இருக்கட்டும். இவர் படித்துவிட்டு, நாளை நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கிவருகிறேன் என்றார். நகல் இங்கே:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். 16-ம் தேதி போனில் வருகிறேன் என்று சொன்னேன். வகுப்பு எடுக்க என்னால் முடியாது. நான் ராஜினாமா செய்யவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4)-இன்படி நூலகத்தில் மாற்றுப் பணி கேட்கிறேன். முதலில் காலை 9 முதல் 11 வரை. மருத்துவச் சான்றுகளை இணைத்திருக்கிறேன், போர்டு சான்று வந்ததும் தருகிறேன். மணி அடிக்கும் இடத்துக்குப் பக்கத்து அறை வேண்டாம். பார்த்தால் நன்றாக இருக்கிறேன் என்று தோன்றும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். என்னிடம் ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள், பதில் சொல்கிறேன்."